மகமையைப் போல முதலில் எடுத்து வைக்க வேண்டும்

(காரைக்குடிக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, கல்லூரிப் பிள்ளைகளே, வணக்கம்.

முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் பலர் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கும். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அதைக் குத்த வேண்டிய தேவையே வரவில்லை. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. வீடு வீடாக ஏறி இறங்கிய நம் சுகாதாரப் பணியாளர்களுக்குத்தான் முதல் நன்றி. ஆனால் தடுப்பு மருந்தைக் கோடிக்கணக்கில் இலவசமாகத் தந்தது சோவியத் நாடு. கடைசிக் கட்டத்தில் ஸ்வீடன் பணம் தந்தது. முகம் தெரியாத யாரோ கட்டிய வரிப்பணம் அது.

இன்று அந்தப் பணத்தைத்தான் வெட்டுகிறார்கள். பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை ஏழை நாடுகளின் உதவிக்குத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-லேயே சொன்னது. நூறு ரூபாய்க்கு எழுபது காசு, அவ்வளவுதான்! அதை எட்டியிருந்த பிரிட்டன் 2021-ல் 0.5-க்கு இறங்கியது, 2027-ல் 0.3 என்கிறது. அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தையே 2025-ல் மூடிவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று டாலருக்கும் குறைவாக வைத்துக்கொண்டு சுமார் 80 கோடிப் பேர் வாழும் உலகத்தில் இது நடக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போன, அதாவது தொழில் செய்யப் போன நம் முன்னோர், வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கை ஒதுக்கினார்கள். செலவெல்லாம் போக மிஞ்சினால் பார்க்கலாம் என்று அதைத் தள்ளி வைக்கவில்லை. கோயிலும் சத்திரமும் பள்ளிக்கூடமும் அப்படித்தான் எழுந்தன. அரசாங்கங்களும் வெளிநாட்டு உதவியை இப்படித்தான் ஒதுக்க வேண்டும். ஆட்சி மாறினாலும் வெட்ட முடியாதபடி சட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். ஏனென்றால் காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவருக்குப் பாதியில் மருந்து நின்றுபோனால், திரும்பி வரும் நோய் அதே மருந்துக்கு மசியாமல் போகலாம்.

“நம் ஊரிலேயே ஏழைகள் இருக்கிறார்களே?” என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். நம் ஏழைகளின் பங்கில் கைவைக்க நான் சொல்லவில்லை. ஆனால் நாமும் இன்று கொடுக்கிற நாடு. போருக்குப் பிறகு இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இந்தியா நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டப் பணம் தந்தது. பெரும்பாலும் அந்தக் குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே போட்டார்கள், அதுவும் தவணையாக. அஸ்திவாரம், சுவர், கூரை என்று வேலை நகர நகரப் பணம் வந்தது. நடுவில் யாராவது சுருட்டிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள் இந்த ஏற்பாட்டைப் பாருங்கள். 2022-ல் அங்கே நெருக்கடி வந்தபோது தமிழ்நாடும் அரிசி, பால்பவுடர், மருந்து எல்லாம் கப்பலில் அனுப்பியது. அதனால் இங்கே யாருடைய ரேஷன் அரிசியும் குறையவில்லையே.

அடுத்த பட்ஜெட் கூட்டத்தொடருக்கு முன்னால் நம் தொகுதி எம்.பி.யிடம் இதை எழுத்தில் கொடுப்போம். மனு வாசலில் மேசை மேல் இருக்கிறது. படித்துப் பார்த்து, மனதுக்குச் சரியென்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள்.