எலும்பு கூடலைன்னா ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். முறிஞ்ச எலும்பு எப்படிக் கூடுதுன்னு போன தடவை பேசினோம் இல்லையா, அதுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசை விட்டுப் போகவே இல்ல. படிக்கிறேன்: "முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிஞ்சு, ராடு வெச்சு ஒன்பது மாசம் ஆச்சு. இன்னும் கூடல. இடுப்பெலும்புல இருந்து எலும்பு எடுத்து வைக்கணும்னு சொல்றாங்க. அதுக்குப் பதிலா ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கலாமா?"

சிலருக்குப் போடலாம். யாருக்குன்னு சொல்லணும்னா, இந்தக் கேள்வியில இல்லாத ஒரு தகவல் வேணும்: எக்ஸ்-ரேல அந்த முறிவு பாக்க எப்படி இருக்கு? தொடர்ந்து பாக்குறவங்களுக்கு இது பழகின பேச்சுதான், இருந்தாலும் திரும்பச் சொல்றேன். எதை வைக்கலாம்னு கேக்கறதுக்கு முன்னாடி, ஏன் கூடலன்னு கேக்கணும்.

அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ ஒரு வரையறை வெச்சிருக்கு: முறிஞ்சு 9 மாசம் ஆகியிருக்கணும், அதுல கடைசி 3 மாசம் எந்த முன்னேற்றமும் தெரியாம இருக்கணும். அப்பதான் அது கூடாத முறிவு. ஒரு பெரிய துண்டு எலும்பே போயிடுச்சுன்னா அவ்வளவு நாள் யாரும் காத்திருக்க மாட்டாங்க, அது வேற.

எக்ஸ்-ரேல ரெண்டு விதமான படம் வரும். ஒண்ணுல, முறிஞ்ச இடத்துக்கு ரெண்டு பக்கமும் எலும்பு யானைக்கால் மாதிரி தடிச்சுப் போயிருக்கும், நடுவுல மட்டும் ஒரு கறுப்புக் கோடு. இன்னொண்ணுல, முனைகள் மெலிஞ்சு, மழுங்கி, சுத்தி காலஸே, அதாவது முறிவை ஒட்ட வைக்க வளர்ற புது எலும்பே, இல்லாம வெறிச்சுனு இருக்கும்.

அந்தத் தடிச்ச படத்தைப் பாத்துப் பயப்படாதீங்க. அங்க ரத்த ஓட்டம் இருக்கு, செல்கள் இருக்கு, எலும்பு கட்டுற வேலை மும்முரமா நடக்குது. கெடுக்கிறது அசைவு மட்டும்தான். இதை ஸ்விட்சர்லாந்துல எலும்பு முறிவை ஆராய்ஞ்ச ஸ்டீபன் பெரன் கணக்காவே சொல்லிட்டார். இடைவெளி எவ்வளவு, அசையும்போது அது எவ்வளவு மாறுது, இந்த விகிதம்தான் முக்கியம். முறிவுல முதல்ல வர்ற மெத்துன்ன திசு 100 சதவீதம் வரைக்கும் இழுபட்டாலும் தாங்கும். குருத்தெலும்பு ஏறக்குறைய 10. முழு எலும்பு 2 சதவீதம்தான் தாங்கும்.

இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. இடைவெளி 1 மில்லிமீட்டர், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அரை மில்லிமீட்டர் அசையுதுன்னா அது 50 சதவீதம். அதே அரை மில்லிமீட்டர் அசைவு 10 மில்லிமீட்டர் இடைவெளியில நடந்தா 5 சதவீதம்தான். மெல்லிசான கோடுதானே, சீக்கிரம் கூடிரும்னு நினைக்கிறோம். ஆனா பிடிமானம் இல்லைன்னா அந்த மெல்லிசான கோட்டுல உருவாகுற ஒவ்வொரு செல்லும் கிழிஞ்சு போகுது. அதுக்காகப் பெரிய இடைவெளி நல்லதுன்னு எடுத்துக்கக் கூடாது. அதை நிரப்பவே உடம்பு திணறும்.

இந்த மாதிரி முறிவுல ஸ்டெம் செல் ஊசி போட்டு என்ன பலன்? அங்க ஏற்கெனவே செல்கள் நிறைய இருக்கே. தேவை பிடிமானம். பழைய ராடை எடுத்துட்டு, எலும்போட உள்குழலைக் கொஞ்சம் பெருசாக் கடைஞ்சு, தடிமனான ராடு போடுவாங்க. ராடு வளையாம நிக்கிற பலம் அதோட விட்டத்தோட நாலாம் அடுக்குல கூடும். 10 மில்லிமீட்டர் ராடுக்குப் பதிலா, அதே மாதிரி கெட்டியான 12 மில்லிமீட்டர் ராடு போட்டா பலம் ரெண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேல. கடையும்போது வர்ற எலும்புத்தூள் முறிவுலயே போய்ச் சேரும், அதுவும் ஒரு சின்ன எலும்பு ஒட்டுதான், அதாவது வேற இடத்து எலும்பை எடுத்து வைக்கிற மாதிரி. இன்னொண்ணு கவனிக்கணும்: பக்கத்துல இருக்கிற மெல்லிய எலும்பு, ஃபிபுலா, முன்னாடியே கூடிருச்சுன்னா அது முட்டுக்கொடுத்து பெரிய எலும்பை நெருங்க விடாது. அப்போ அதுல ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுப்பாங்க.

ரெண்டாவது படம், மெலிஞ்ச முனை. இங்கதான் வெளியில இருந்து உயிர் கொண்டு வரணும், ஸ்டெம் செல் பேச்சுக்கும் இடம் இங்கதான். பாரிஸ் பக்கம் க்ரெத்தேய்ல பிலிப் எர்னிகூ குழு 2005ல வெளியிட்ட ஆய்வை அடிக்கடி சொல்லியிருக்கேன். சீழ் இல்லாத, இந்த வகையான, முழங்காலுக்குக் கீழ இருக்கிற பெரிய எலும்பு முறிவு உள்ள 60 பேருக்கு, இடுப்பெலும்பு மஜ்ஜையை எடுத்துச் செறிவாக்கி ஊசியா செலுத்தினாங்க. 53 பேருக்குக் கூடுச்சு. கூடாத 7 பேருக்குப் போன மஜ்ஜையில ஸ்டெம் செல்கள், அதாவது எலும்பு கட்டுற மூல செல்கள், எண்ணிக்கை குறைவா இருந்தது. எனக்கு 53ஐ விட இந்த 7தான் பெரிய பாடம். ஊசி போட்டாச்சுங்கிறது பெரிசில்ல, அதுக்குள்ள எத்தனை செல் போச்சுங்கிறதுதான் விஷயம்.

அந்த எண்ணிக்கை குறைய ஒரு எளிய காரணம் இருக்கு. ஒரே இடத்துல ஊசியைக் குத்தி ஒரேயடியா 20 மில்லி உறிஞ்சினா, முதல் 2 மில்லிக்கு அப்புறம் வர்றதுல பெரும்பங்கு சாதாரண ரத்தம். அதனால கொஞ்சமா உறிஞ்சி, ஊசியைத் திருப்பி, நகர்த்தி, இடம் மாத்தி மாத்தி எடுக்கணும். கேள்வி கேட்டவர் டாக்டர்கிட்ட இதைக் கட்டாயம் விசாரிக்கணும்: எப்படி எடுக்கிறீங்க, செல்லை எண்ணுவீங்களா?

இடுப்பெலும்புல இருந்து எடுத்து வைக்கிற எலும்பு ஒட்டை எல்லாரும் வலிக்குப் பயந்து தவிர்க்கப் பாக்குறாங்க. எடுத்த இடத்துல வலி இருக்கத்தான் செய்யும், மறுக்கல. ஆனா உயிருள்ள செல், பற்றி வளரச் சட்டம், வளரச் சொல்லும் சமிக்ஞை, மூணும் ஒண்ணா வர்ற பொருள் அது. 2007ல எலும்பு சிகிச்சை நிபுணர் ஜியானூடிஸ் குழு இந்த மூணோட பிடிமானத்தையும் சேர்த்து நாலு மூலை வைரமா வரைஞ்சு காட்டினாங்க. ஒட்டுக்கட்டின கிளையை நினைச்சுக்கங்க: பச்சையா இருந்தாலும் தினம் ஆட்டினா பிடிக்காது, இறுக்கிக் கட்டினாலும் காஞ்ச கிளைன்னா பிடிக்காது.

இந்த ரெண்டு படத்துலயும் அடங்காதது கிருமி. வெளியில சீழ் வரலைன்னா கிருமி இல்லைன்னு அர்த்தம் இல்ல. அழற்சியைக் காட்டுற ரத்தப் பரிசோதனைகள் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரெண்டும் சரியா இருந்தாலும் உள்ள ஒளிஞ்சிருக்கலாம். அதனால ஆபரேஷன்ல குறைஞ்சது 5 இடத்துல இருந்து திசு எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் தனிக் கருவி, தனிப் பாட்டில்ல அனுப்பணும். ரெண்டு மாதிரியில ஒரே கிருமி வந்தா உறுதி. முடிஞ்சா 2 வாரம் முன்னாடியே ஆன்டிபயாடிக்கை டாக்டர் சொல்லி நிறுத்தியிருக்கணும், இல்லைன்னா கிருமி இருந்தும் வளராது. மெதுவா வளர்ற கிருமியும் உண்டு, லேப்ல 14 நாள் வரைக்கும் வெச்சுப் பாக்கணும். கிருமி இருக்கிற இடத்துல விலை உயர்ந்த எதைக் கொண்டு போய் வெச்சாலும் வீண்.

புகை, கட்டுக்குள்ள இல்லாத சர்க்கரை, வைட்டமின் டி குறைவு, இதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாடியே சரி பண்ணத் தொடங்கணும்.

முதுகெலும்புகளை ஒண்ணா ஒட்ட வைக்கிற இணைப்பு ஆபரேஷன்ல எலும்பு கூடலைன்னா என்னன்னு கேட்டவங்களுக்கும் இதே பதில்தான். 1911ல நியூயார்க்ல ஆல்பீ, ஹிப்ஸ்னு ரெண்டு அறுவை மருத்துவர்கள் தனித்தனியா முதுகெலும்பு இணைப்பை வெளியிட்டாங்க. ஆல்பீ கால் எலும்புல இருந்து ஒரு துண்டு எடுத்து, முதுகெலும்பு முட்களைப் பிளந்து நடுவுல வெச்சார். இன்னைக்கு ஸ்க்ரூவும் ராடும் போடுறோம், ஆனா அதெல்லாம் எலும்பு கூடுற வரைக்கும் பிடிச்சுக்கத்தான். கூடலைன்னா உலோகம் அசைஞ்சு அசைஞ்சு களைச்சுப் போகும். சிடி ஸ்கேன்ல ஸ்க்ரூவைச் சுத்திக் கறுப்பு வளையம் தெரியும், இல்ல ராடே முறியும். ஒட்டு வைக்கிற இடத்து மேல்தோடைச் சரியாச் சீவலைன்னாலும் கூடாது. சீவுற டிரில்லுக்குத் தண்ணி விடாம ஓட்டினா சூட்டுல அந்த எலும்பே செத்துப்போகும்.

பிஎம்பி வெச்சா கூடுமான்னும் கேட்டிருந்தாங்க. எலும்பைத் தூண்டுற புரதம் அது. 1965ல அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், சுண்ணாம்பு நீக்கின எலும்பைத் தசைக்குள்ள வெச்சாலே அங்க புது எலும்பு உருவாகுதுன்னு காட்டினார். 2002ல பிஎம்பி-2க்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பு இணைப்புக்கு அனுமதி கிடைச்சுது. 2008ல, கழுத்துல பயன்படுத்தினப்போ உயிருக்கே ஆபத்தான வீக்கம் வந்ததுன்னு எஃப்டிஏ எச்சரிச்சுது. 2013ல ரெண்டு தனிக் குழுக்கள் எல்லாத் தரவையும் திரும்ப அலசினதுல, நோயாளிக்குக் கிடைச்ச பலன் இடுப்பெலும்பு ஒட்டை விடப் பெருசா மேல இல்ல.

முதுகெலும்பு இணைப்புக்கு ஒரு வருஷம் கழிச்சு எடுத்த ஸ்கேன்ல கூடலன்னு வந்தாலும், வலி இல்லாம நடமாடுறவங்களுக்குப் படத்தை மட்டும் பாத்து மறுபடி ஆபரேஷன் பண்ண அவசியம் இல்ல. ஸ்க்ரூ நகருதான்னு அப்பப்போ எக்ஸ்-ரேல கவனிச்சா போதும். வலி திரும்பி வந்து, ராடும் முறிஞ்சிருந்தா அப்போ திறக்கலாம். திறக்கும்போது முதல்ல அந்த 5 திசு மாதிரி எடுக்கச் சொல்லுங்க.