மிசோ தொட்டியில் ஐந்து உருப்படிகள்

வணக்கம் நேயர்களே. விரலில் வெட்டுப்பட்டு, ரத்தம் துடைத்த துணியைத் துவைக்க மறந்துவிட்டால் என்ன ஆகும்? நாளடைவில் சிவப்பு பழுப்பாகிவிடும். எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் இந்தச் சின்ன விஷயத்தில் ஒரு மனிதரின் உயிர் பல வருஷம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜப்பானில் இவாவோ ஹகமாடா என்று ஒருவர். முன்னாள் குத்துச்சண்டை வீரர். மிசோ ஆலையில் வேலை. மிசோ என்றால் சோயாவைப் புளிக்கவைத்துச் செய்கிற விழுது. உப்பு அதிகம், நிறம் பழுப்பு. 1966-இல் அந்த ஆலை நிர்வாகி ஒருவரும் குடும்பத்தாரும், மொத்தம் நான்கு பேர், கொல்லப்பட்டார்கள். ஹகமாடாவைப் பிடித்தார்கள். கிட்டத்தட்ட இருபது நாள் விசாரணை, ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில் மறுத்தார். அப்புறம் மறுத்தால் யார் கேட்பது?

கொலை நடந்து 14 மாதம் கழித்து, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, ஆலையின் மிசோ தொட்டியிலிருந்து ஐந்து உருப்படிகள் வெளியே வந்தன. சட்டை, கால்சட்டை, உள்ளாடை. எல்லாம் ரத்தக் கறை. 1968-இல் மரண தண்டனை.

மேல்முறையீட்டில் அந்தக் கால்சட்டையை அவருக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஏறவில்லை. மிசோவில் ஊறிச் சுருங்கிவிட்டது என்றது அரசுத் தரப்பு. சரி, துணி சுருங்கும், வைத்துக்கொள்வோம். கறையின் சிவப்பு எப்படி மாறாமல் நின்றது? ஹகமாடாவின் வழக்கறிஞர் தரப்பு ரத்தத் துணிகளை மிசோவில் ஊறவைத்தே காட்டியது. கறை கறுத்துப்போனது. திரும்பவும் சொல்கிறேன்: துணிக்கு ஒரு சமாதானம் சொல்லிவிட்டார்கள், நிறத்துக்குச் சொல்ல முடியவில்லை.

2014-இல் வெளியே விட்டார்கள். 2024-இல்தான் விடுதலைத் தீர்ப்பு, அவருடைய 88-ஆவது வயதில். அந்தத் துணிகள் புலனாய்வுத் தரப்பே ஜோடித்தவை என்றது நீதிமன்றம்.

ஜோடிக்காமலும் தப்பு நடக்கும். அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு கொலை வழக்கில் கைதான கிர்க் பிளட்ஸ்வொர்த் என்பவரை ஐந்து பேர் அடையாளம் காட்டினார்கள். கைதான முகத்தை டிவியில் பார்த்த பிறகு காட்டியவர்களும் அதில் உண்டு. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை, பார்த்ததாகவே நம்பினார்கள். 1985-இல் மரண தண்டனை, 1993-இல் மரபணுச் சோதனையில் விடுதலை.

நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டிவிட்டார்கள். சலுகைக்காகச் சாட்சி சொல்லும் கைதிகளைப் பற்றிக் குறித்து வைத்திருந்தேன், அது இன்றைக்கு இல்லை. ஒன்று மட்டும். இந்த இரண்டு வழக்கிலும் தடயப் பொருளை யாரும் எரித்துவிடவில்லை. தீர்ப்பு வந்ததும் அதை அழிக்கக் கூடாது என்று ஒரு விதி, அதைத்தான் இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நன்றி, வணக்கம்.