வானம் முழுக்க நீலம்: ஜிக்சா பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

வீடு ஒன்று, மேசை ஒன்று, அதன் மேல் பரப்பிய ஜிக்சா படமும் ஒன்று, அதாவது வெட்டிய துண்டுகளைப் பொருத்திப் பொருத்திச் சேர்க்கும் படம். ஒருவர் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் பத்து நிமிடத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறார். ஏன் இப்படி? இதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நான் வாலாஜாபேட்டையில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பழைய காலண்டர் படங்களை அட்டையில் ஒட்டி, வெட்டி, பிள்ளைகளிடம் கொடுத்துக் கொடுத்தே எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது. இன்னும் தெளியவில்லை.

எழுந்து போகிறவரைப் பார்த்து நாம் உடனே சொல்வது என்ன? "பொறுமை இல்லை." கூடவே பொறுத்தார் பூமியாள்வார் என்று பழமொழி ஒன்றையும் எடுத்து வீசுவோம். எனக்கு இதில் சம்மதமே இல்லை. ஜிக்சாவை வெறுத்து எழுந்து போன அதே அம்மாள், சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் முழம் முழமாக மல்லிகை தொடுப்பார். கழுத்து வலிக்கும், விளக்கு வைக்கும் நேரம் தாண்டும், எழுந்திருக்க மாட்டார். அவருக்கா பொறுமை இல்லை?

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. பூ தொடுக்கும்போது கையில் எடுத்த பூவெல்லாம் சரத்தில் ஏறும். ஒவ்வொரு முடிச்சுக்கும் சரம் நீளும். ஜிக்சாவில் அப்படி இல்லை. எடுத்த துண்டில் பெரும்பாலானது மறுபடியும் மேசைக்கே திரும்பும். பொருந்தவில்லை, பொருந்தவில்லை, பொருந்தவில்லை, அப்புறம் ஒன்று பொருந்தும். இந்த "பொருந்தவில்லை" என்பதை ஒருவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்பது என் கட்சி. சிலருக்கு அது ஒரு செய்தி: சரி, இந்த இடத்துக்கு இது இல்லை, ஒன்று கழிந்தது. சிலருக்கு அது ஒரு அவமானம்: மறுபடியும் எனக்குத் தெரியவில்லை.

என் தம்பி குடும்பத்தின் கதையைச் சொல்ல வேண்டும். தம்பி ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்த்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அவன் மகள் பள்ளியில் எப்போதும் முதல் ரேங்க், பிறகு பொறியியல். ஒரு மே மாத விடுமுறையில் இருவரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் ஆயிரம் துண்டுப் பெட்டி ஒன்றைப் பிரித்து வைத்திருந்தேன். ஏரி, படகு, மேலே பாதிப் படம் வரைக்கும் வெறும் நீல வானம்.

பெண் ஆர்வமாகத்தான் உட்கார்ந்தாள். படகை முடித்தாள், கரையை முடித்தாள். வானத்துக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது. ஒரு துண்டை எடுத்து ஒரு இடத்தில் வைத்து அழுத்துவாள். பொருந்தாது. இன்னும் கொஞ்சம் அழுத்துவாள். "அத்தை, இதை வெட்டியவனே சரியாக வெட்டவில்லை" என்றாள். கடைசியில், "இதில் கணக்கும் இல்லை, சூத்திரமும் இல்லை, குருட்டாம்போக்கில் தேடச் சொல்கிறீர்களே" என்று எழுந்தேவிட்டாள். கண்ணில் நீர் முட்டி நின்றது.

தம்பி அதுவரை ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். டம்ளரை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். வானத் துண்டுகளையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி, படம் கீழே போகும்படி அத்தனையையும் கவிழ்த்துப் போட்டான்! "அக்கா, நிறம்தான் எல்லாம் ஒன்றாயிற்றே, அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? உருவத்தைப் பார்ப்போம்" என்றான். சாம்பல் நிற முதுகுகள் மட்டும் தெரிய, இரண்டு பக்கம் மூக்கு நீட்டியது ஒரு வரிசை, ஒரே மூக்கு உள்ளது ஒரு வரிசை, நாலு பக்கமும் வாய் திறந்தது ஒரு வரிசை என்று அடுக்கினான். மூக்கு, வாய் என்பதெல்லாம் என் வகுப்புப் பிள்ளைகள் வைத்த பெயர்கள். பிறகு கட்டை விரலால் ஒரு மூக்கின் கழுத்தைத் தடவுவான், அதே போல ஒரு வாயைத் தேடுவான். பொருந்தாத துண்டை ஒருபோதும் அழுத்தவில்லை. தொட்டு, எடுத்து, வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான்.

அவன் தொழிலைத் தெரிந்தால் இது ஆச்சரியமில்லை. தோல் துணி மாதிரி ஒரே சீராக இருக்காது. முதுகுப் பக்கம் கெட்டியாக இருக்கும், வயிற்றுப் பக்கம் தளர்ந்து இழுபடும். முள் கீறிய வடு, உண்ணி கடித்த தழும்பு எல்லாம் இருக்கும். ஷூவின் முன்முகத்துக்கு நல்ல இடத்தில் வெட்ட வேண்டும், கண்ணுக்குத் தெரியாத பாகங்களை மற்ற இடத்தில் எடுக்க வேண்டும், சேதாரமும் கூடாது. ஒவ்வொரு தோலிலும் அச்சை வைத்து, திருப்பி, நகர்த்தி, "இங்கே வேண்டாம்" என்று எடுத்து வேறிடத்தில் வைப்பதே அவன் வேலை. நாள் முழுக்க "பொருந்தவில்லை" என்பதோடு வாழ்ந்து பழகியவன். மகளோ கேட்ட கேள்விக்கெல்லாம் முதல் தடவையே சரியான விடை சொல்லிப் பாராட்டு வாங்கி வளர்ந்தவள். நான் சொல்ல வருவது புரிகிறது அல்லவா? புத்திசாலித்தனத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. தவறான விடையோடு யாருக்கு எவ்வளவு பழக்கம் என்பதே விஷயம்.

சரி, மனப்பழக்கம் மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. 1971இல் ரோஜர் ஷெப்பர்டு, ஜாக்குலின் மெட்ஸ்லர் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கட்டைகளைச் சேர்த்து ஒட்டியது போன்ற உருவங்களை இரண்டிரண்டாகக் காட்டி, இரண்டும் ஒன்றா, வேறா என்று கேட்டார்கள். ஒன்று எவ்வளவு அதிகமாகத் திரும்பியிருந்ததோ, விடை சொல்ல அவ்வளவு அதிக நேரம் ஆனது. அதாவது, கையால் திருப்புவது போலவே மனத்துக்குள்ளும் திருப்புகிறோம், அதற்கு நேரம் பிடிக்கிறது. இந்த வேகம் ஆளுக்கு ஆள் மாறும். மனத்தில் திருப்ப வராதவர் கையால் திருப்பிப் பார்க்கட்டுமே, யார் தடுத்தது?

அடுத்தது கண். நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வை மங்கும். தலைக்குப் பின்னால் டியூப்லைட், மேசை மேல் நம் நிழல், அதில் நீலத்துக்கும் வெளிர்நீலத்துக்கும் வித்தியாசம் தேடினால் எரிச்சல் வராமல் என்ன வரும்? சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. இது பெண்களைவிட ஆண்களிடமே அதிகம். இலைக்குப் பழுப்பு வண்ணம் தீட்டும் பையன் வகுப்புக்கு ஒருவனாவது அகப்படுவான். கவனம் இல்லாதவன் என்று வீட்டில் திட்டு வாங்கியிருப்பான். அவனிடம் செம்பருத்தித் தோட்டப் படத்தைக் கொடுத்து அடுக்கச் சொன்னால் பாவம் இல்லையா?

எண்ணிக்கையும் ஏமாற்றும். 100 துண்டு முடித்தாயிற்று, 1,000 என்றால் பத்து மடங்குதானே என்று கடையில் வாங்கிவிடுகிறோம். எதோடு எது சேரும் என்று இரண்டிரண்டாகப் பார்த்தால் 100 துண்டில் 4,950 ஜோடிகள். 1,000 துண்டில் 4,99,500. கிட்டத்தட்ட நூறு மடங்கு! அதனால்தான் ரசித்துச் செய்கிறவர்கள் முதலில் எதையும் சேர்ப்பதே இல்லை, பிரிக்கிறார்கள். ஓரம் ஒரு தட்டு, வானம் ஒரு தட்டு, கூரை ஒரு தட்டு. நீளவாட்டில் 40, அகலவாட்டில் 25 என்று வெட்டிய படத்தில் ஓரத் துண்டுகள் 126 மட்டுமே. அதைக் கட்டிவிட்டால் ஒரு வேலி கிடைத்துவிடும். பிரிப்பதை வேலையாக நினைப்பவருக்கு இது தண்டனை. பிரிப்பதே விளையாட்டு என்பவருக்குப் பாதி இன்பம் அங்கேயே கிடைத்துவிடும்.

இந்த விளையாட்டு பிறந்ததே வகுப்பறைக்காகத்தான். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர் தேசப்படத்தைப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் மேலேயே அறுத்து விற்றார், பிள்ளைகள் பூகோளம் படிக்கட்டும் என்று. நானும் தமிழ்நாட்டு வரைபடத்தை மாவட்டம் மாவட்டமாக வெட்டி வைத்திருந்தேன். அதில் நம் வட ஆற்காடு கை நிறைய ஒரு பெரிய துண்டு. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, கத்தரியை எடுத்தேன். 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன, அப்போது ஓய்வு பெற்றிருந்தும் மறுபடி கத்தரியை எடுத்தேன். "டீச்சர், நம் மாவட்டம் தேய்ந்துகொண்டே போகிறதே" என்று பக்கத்து வீட்டுப் பொடியன் கேட்டான். வரைபடத் துண்டில் ஒரு வசதி உண்டு: பொருந்துமா என்று தடவ வேண்டாம், ஆற்காடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஜிக்சா பிடிக்காது என்று சொல்லும் பல பிள்ளைகளுக்கு வரைபடத் துண்டு மட்டும் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, பரிசாக வாங்குகிறவர்களே, படத்தைப் பார்த்து வாங்குங்கள். நீல வானம் வேண்டாம், பனிமலை வேண்டாம். கடைத்தெரு, திருவிழா, தேர், கூட்டம் என்று மூலைக்கு மூலை வேறு வேறு சங்கதி உள்ள படம் வேண்டும். அட்டை கெட்டியாக இருக்க வேண்டும். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் மின்விசிறியை நிறுத்த முடியாது. மெல்லிய துண்டுகள் மேசையிலிருந்து கிளம்பிப் பறந்தால் எந்த ரசிகரும் ரசிகராக நீடிக்க மாட்டார்.

இன்னொன்று, பிடிக்காதவரை இழுத்து உட்கார வைக்காதீர்கள். மேசையில் அரைகுறையாக விட்டுவிடுங்கள். 1928இல் மரியா ஒவ்சியான்கினா என்ற உளவியலாளர், பாதியில் நிறுத்தப்பட்ட வேலையை மனிதர்கள் யாரும் சொல்லாமலே மறுபடி எடுக்கப் பார்க்கிறார்கள் என்று பெர்லினில் சோதனை செய்து காட்டினார். தண்ணீர் குடிக்க எழுந்தவர் போகிற போக்கில் ஒரு துண்டை வைத்துவிட்டுப் போவார். அதோடு விட்டுவிடுங்கள், பாராட்டாதீர்கள். முக்கியமாக, பக்கத்தில் நின்று "அது அங்கே" என்று விரல் நீட்டாதீர்கள்.

எதிரே கையைக் காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. வயதானவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், சுருக்கிவிடுகிறேன். ஞாபக மறதி வராது என்று நம்பிப் பெரியவர்களுக்கு இதை மருந்து போலக் கொடுக்கிறார்கள். ஜெர்மனியில் 50 வயது கடந்த 100 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளியானது. 30 நாள் ஜிக்சா அடுக்கியதால் மூளைத் திறனில் மருத்துவரீதியாகச் சொல்லத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. பிடித்தால் அடுக்குங்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, தொலைந்த துண்டு. இதற்கென்றே இரண்டு நிமிடம் வைத்திருந்தேன். நாற்காலிக்கு அடியில் பாருங்கள், புடவைக் கொசுவத்தில் பாருங்கள். அங்கெல்லாம் இல்லையென்றால் துடைப்பத்தோடு போயிருக்கும். காலி இடத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் ஓரம் பதியும். அதை அட்டையில் ஒட்டி வெட்டி, வண்ணம் தீட்டி வைத்துவிடுங்கள். எந்த வண்ணம், எப்படிக் கலப்பது என்பதற்கெல்லாம் இப்போது நேரமில்லை. நன்றி, வணக்கம்.