பழைய வீதிகளில் நடப்பவர்க்கு உரிய இடம்

அவைத்தலைவர் அவர்களே, காரைக்குடிப் பெரியோர்களே, ஆச்சிமார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செட்டிநாட்டு வீதிகளைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் வீடுகளைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறார்கள். பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் போற்றத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நான் இன்று பேச வந்திருப்பது, அந்த வீடுகளின் வாசற்படிக்கும் தார்ச்சாலையின் விளிம்புக்கும் இடையே ஒரு காலத்தில் இருந்து, இப்போது காணாமற் போய்க்கொண்டிருக்கும் சில அடி நிலத்தைப் பற்றி.

நம் ஊர்களின் வீதிகள் ஒழுங்காக அளந்து போடப்பட்டவை. முகப்பு ஒரு வீதியிலும் பின்கட்டின் கதவு அடுத்த வீதியிலுமாக வீடுகள் நீண்டு கிடப்பதைக் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் இன்றும் காணலாம். அவற்றைக் கட்டியவர்கள் தனியாக நடைபாதை அமைக்கவில்லை. அமைக்க வேண்டிய தேவையும் அன்று இல்லை. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் மனிதர் நடக்கும் வேகத்தை ஒட்டியே சென்ற காலத்தில் வீதி முழுவதும் நடப்பவருக்கு உரியதாக இருந்தது. களைத்தவர் உட்காரத் திண்ணையும் இருந்தது. பின்னால் மோட்டார் வண்டி வந்தது, அதற்காக நடுவில் தார் போடப்பட்டது, தார் போடாத ஓரம் எவருடைய பொறுப்பிலும் இல்லாததாயிற்று. அங்கே மின்கம்பம் நட்டார்கள், வாறுகால் என்னும் கழிவுநீர் வடிகால் வெட்டினார்கள், கடைகளுக்குப் படி கட்டினார்கள், இருசக்கர வண்டிகளை நிறுத்தினார்கள். நடப்பவர் தார்ச்சாலைக்குத் தள்ளப்பட்டார்.

இதில் வீட்டுக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு வீதியின் மட்டம் உயர்ந்துவிட்டது. உயர்ந்து நின்ற படிகளில் கீழ்ப்படிகள் புதைந்தன. மழைநீர் வாசலை நோக்கித் திரும்பியது. தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வாசலை உயர்த்தியவர், வண்டியை ஏற்றுவதற்கு ஒரு சரிவுத் தளத்தைத் தெருப்பக்கமாக நீட்டினார். அடுத்த வீட்டுக்காரரின் சரிவு வேறு உயரம், அதற்கடுத்தது வேறு சாய்வு. ஓரமாக நடக்க முயல்கிறவர் வீட்டுக்கு வீடு ஏறி இறங்க வேண்டும், அல்லது சாலையில் இறங்கிவிட வேண்டும். சாலையைச் சுரண்டியெடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியிருக்கிறது. அந்த அறிவுறுத்தல் நம் வீதியில் நடைமுறைக்கு வருகிறதா என்பதை வேலை நடக்கும் நாளிலேயே நாம் நின்று பார்க்க வேண்டும். தார் இறுகிய பிறகு எழுதும் மனுவால் பயனில்லை.

இந்த வீதிகளில் நடப்பவர் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வீட்டைக் காத்துக்கொண்டிருக்கும் முதியவர்கள், கொப்புடையம்மன் கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் நடந்து போகும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள். இந்தியாவில் 2022-இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. ஐந்தில் ஒருவர் என்றே கொள்ளலாம். தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிவரை நடந்து செல்லும் மரபுடைய மண்ணில், ஒரு முதியவர் பக்கத்துத் தெருவுக்கு அச்சமின்றி நடக்க முடியவில்லை என்பது எனக்குப் பெரும் வேதனையாக இருக்கிறது.

தடையற்ற நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறியது. எனவே நாம் சலுகை எதையும் கேட்கவில்லை.

பழைய வீதிகளில் இடமேது என்று கேட்பார்கள். அளந்து பார்த்துவிட்டுப் பேசுவோம். குடியிருப்புப் பகுதியில் நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது சுமார் ஆறடி, தெளிவான அகலம் வேண்டும் என்பது, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைப் பேரவை 2012-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி. முப்பதடி வீதியில் இருபுறமும் ஆறடி விட்டால் நடுவில் பதினெட்டு அடி மிஞ்சும். இரண்டு கார்கள் நிதானமாக ஒன்றையொன்று கடக்க அது போதும். இருபதடி வீதியில் இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே பெயருக்கு இரண்டடி மேடை கட்டுவது கட்டாமல் இருப்பதைவிடக் கெடுதல். கம்பமும் வண்டியும் அதையும் எடுத்துக்கொள்ளும். அத்தகைய வீதியை ஒரே மட்டத்தில் கல் பாவி, ஒருவழியாக்கி, வண்டிகள் மெதுவாகவே செல்லும்படி செய்வதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து. தேர் வரும் வீதிகளுக்கும் உயர்ந்த மேடையைவிட இந்தச் சமமட்டமே ஏற்றது.

வாறுகாலின்மேல் சிமெண்டுப் பலகைகளைப் போட்டு அதையே நடைபாதை என்று சொல்லிவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. தூர்வாரத் தூக்கிய பலகை திரும்பச் சரியாக உட்காருவதில்லை. அந்த இடைவெளியில்தான் கால் சிக்குகிறது. நம் முன்னோர் முற்றத்து மழைநீரை வீதி வழியாக ஊரணிக்குக் கொண்டுபோன வாட்டத்தைக் கெடுக்காமல், குறிப்பிட்ட இடங்களில் மட்டும் திறக்கும் மூடிகளோடு மூடினால், நீரும் போகும், மனிதரும் போகலாம்.

கடைவீதிக்கு இரண்டரை மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது அதே நெறி. அதைக் காரணம் காட்டிப் பூ விற்கும் பெண்களை விரட்டுவதை நான் ஏற்க மாட்டேன். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கென்று இடம் ஒதுக்க வழி செய்திருக்கிறது. அகற்ற வேண்டியவை நிறுத்தி வைக்கப்பட்ட வண்டிகள்.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்திருக்கிறது. சாலைப் பணிகள் இனியும் வரும். ஒவ்வொரு பழைய வீதிக்கும் மதிப்பீடு தயாரிக்கும் முன், சுவருக்குச் சுவர் எத்தனை அடி என்பதை அந்த வீதிக்காரர்கள் முன்னிலையில் அளந்து எழுத வேண்டும் என்றும், சுரண்டியெடுக்கும் ஆழத்தையும் நடைபாதையின் அகலத்தையும் அந்த மதிப்பீட்டிலேயே தனித்தனி இனங்களாகச் சேர்க்க வேண்டும் என்றும், கொப்புடையம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் இதை முதலில் தொடங்க வேண்டும் என்றும் மாமன்ற உறுப்பினர்களை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.