இறைத்த கிணறு ஊறும்

(எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. கேட்டவர்கள் விரும்பியதால் எழுதித் தருகிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, முதன்மை விருந்தினராக வந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, பல்கலைக்கழகத்திலிருந்து இந்த வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்த பேராசிரியர் அவர்களே, வித்தியாலய அதிபர் அவர்களே, ஆலயத் தர்மகர்த்தா ஐயா அவர்களே, கிராம அலுவலர் அவர்களே, மாதர் சங்கத் தாய்மாரே, விளையாட்டுக் கழகப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். தர்மகர்த்தா ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். மழை வந்தால் என்ன செய்வது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கையில் கோயில் மண்டபத்தின் திறப்பை (சாவியை) நாங்கள் கேட்காமலே அனுப்பி வைத்தவர் அவர். நூலகர் தங்கச்சி முன்வரிசையில் இருக்க மாட்டேன் என்று கடைசியில் போய் நிற்கிறார். இந்த வாசிகசாலை இன்றைக்கும் பின்னேரம் நாலு மணிக்குத் திறக்கிறது என்றால் அது அவரால்தான். பிள்ளை, முன்னுக்கு வந்து இருங்கோ.

எனக்குத் தந்த தலைப்பு, பொதுச் சொத்தைக் காப்பது. ஏடு, கல், உயிர் என்று மூன்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன். ஏடு என்றால் எழுதி வைத்த அறிவு. கல் என்றால் முன்னோர் கட்டி வைத்தவை. உயிர் என்றால் நம்மோடு இந்த மண்ணில் வாழும் பறவையும் ஆமையும். மூன்றுக்கும் என்னிடம் ஒரே ஒரு பழமொழிதான் இருக்கிறது. என் அம்மம்மா நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லுவா: இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்.

கிணற்றை நம்பி வாழ்கிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு நம் யாழ்ப்பாணம். மாரியில் வழுக்கையாறு ஓடும், அவ்வளவுதான். குடிப்பது, குளிப்பது, வெங்காயத்துக்கு இறைப்பது எல்லாம் சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர்தான். துலா மிதித்து இறைத்த காலத்தவர்கள் இந்த மண்டபத்திலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது தங்கள் வளவுக் கிணறு எப்படி மணத்தது என்று சொல்வார்கள்.

சரி, ஏட்டுக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் எப்படித் தொடங்கியது? க. மு. செல்லப்பா என்ற ஒரு மனிதர் 1933இல் தமது வீட்டில் இருந்த புத்தகங்களை மற்றவர்கள் எடுத்து வாசிக்கக் கொடுத்தார். அடுத்த வருடம் வாடகை அறை ஒன்றில் 844 நூல்களோடு அது பொது நூலகம் ஆனது. பிறகு நரசிம்மன் வரைந்த அந்த வெள்ளைக் கட்டடம். அதற்கு ஆலோசனை சொன்னவர் நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன். அவர் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. எங்கள் அம்மம்மா சொன்னதைத்தான் அவர் வேறு சொல்லில் சொல்லியிருக்கிறார். 1981ஆம் ஆண்டு ஜூன் முதலாம் திகதி விடியும்போது அங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாகிக் கிடந்தன. அதைப் பார்த்த கண்கள் இங்கே இருக்கின்றன. நான் விவரிக்கப் போவதில்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். யாழ்ப்பாணத்து வரலாறு சொல்லும் மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை இன்றைக்கும் நம் கையில் இருக்கிறது. 1879இலேயே பிரிட்டோ அதை ஆங்கிலத்தில் பெயர்த்து அச்சேற்றினார், பிறகு தமிழிலும் பதிப்புகள் வந்தன. பல கைக்குப் போனதால் அது பிழைத்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஊர் ஊராகப் போய் ஏடு தேடியவர். கட்டை அவிழ்த்தால் ஓலை முறிகிறது, புரட்டினால் துண்டு துண்டாகப் பறக்கிறது என்று கலித்தொகைப் பதிப்பில் வயிறெரிந்து எழுதினார். 1887இல் அவர் அதை அச்சில் ஏற்றினார். அவர் தேடிப் போன வீடுகளில் எத்தனை பேர் கதவைத் திறந்தார்கள், எத்தனை பேர் இல்லை என்று அனுப்பினார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஏனென்றால் என் வீட்டுக் கதவும் ஒருநாள் அப்படிச் சாத்தப்பட்டது.

என்னுடைய அப்பு மாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார். அவரிடம் மாட்டு வாகட ஏடு ஒரு கட்டு இருந்தது. இரண்டு பக்கமும் பலகை வைத்து, நடுவில் கயிறு கோர்த்து, என் முழங்கை நீளத்தில் இருக்கும். அதை அவர் வைத்திருந்த இடம் அடுப்படிப் பரண். சாமியறையில் வைக்க வேண்டியதைப் புகைக்குள் வைத்திருக்கிறாரே என்று அம்மம்மாவுக்கு மனக்குறை. ஆனால் அந்தப் புகைதான் பூச்சியை அண்ட விடாமல் வைத்திருந்தது. வருடத்துக்கு இரண்டு தடவையாவது இறக்கி, ஓலை ஓலையாக எண்ணெய் தடவுவார். யாராவது மாட்டைப் பிடித்துக்கொண்டு படலையடிக்கு வந்தால், மருந்தும் கொடுப்பார், ஏட்டையும் வாசித்துக் காட்டுவார். எழுதிக்கொண்டு போக விரும்பினால், திண்ணையில் இருந்து எழுது என்று விடுவார். எவரையும் அவர் தடுத்ததில்லை.

அப்பு போன பிறகு ஏடு பெரியமாமாவின் கைக்கு வந்தது. மாமா நல்லவர், அப்பு மேல் உயிரையே வைத்திருந்தவர். அந்தப் பாசத்தில்தான் ஏட்டைப் பரணிலிருந்து இறக்கி, பட்டுத்துணியில் சுற்றி, றங்குப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். படிக்கிற பொடியன் ஒருவன் இரண்டு தரம் சைக்கிளில் வந்து, ஐயா, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினான். மாமா மறுத்துவிட்டார். படலையைச் சாத்தியது நான்தான். எனக்கு அப்போது பதினாறு வயது. அந்தப் பொடியன் திரும்பிப் போன முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30. யுத்தத்தால் யாழ்ப்பாணத்துச் சனம் ஒன்றாக இடம்பெயர்ந்த அந்த இரவு இங்கே பலருக்கு நினைவிருக்கும். செம்மணி வீதி நெடுக மழையும் சனமும். பெட்டியைத் தூக்க முடியவில்லை. மாமி திறப்பை மட்டும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டா. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடம், அங்கிருந்து கிளாலி கடந்து வன்னி, வன்னியில் மூன்று இடம். மாமா அங்கேயே காலமாகிவிட்டார். மாமி எத்தனையோ சாமான்களை விட்டிருக்கிறா, விற்றிருக்கிறா, திறப்பை மட்டும் விடவில்லை. 2002இல் பாதை திறந்தபோது திரும்பி வந்தோம். கூரை இல்லை, ஓடும் மரமும் குவிந்து கிடந்தது. அதற்குக் கீழே பெட்டி இருந்தது. பூட்டுக்கூட உடைபடவில்லை. மாமி கும்பிட்டுவிட்டு, தேங்காயெண்ணெய் விட்டுத் திறந்தா. உள்ளே பட்டுத்துணியின் கரை தெரிந்தது. மற்றதெல்லாம் கறையான் மண். பெட்டியின் அடித்தகடு கறள் பிடித்து ஓட்டையாகியிருந்ததை ஒருவரும் கவனித்திருக்கவில்லை. மாமி அழவில்லை. திறப்பை என் கையில் தந்து, "இதை நீயே வைச்சிரு மோனை" என்றா. இதோ, என் கையில் இருப்பது அந்தத் திறப்புத்தான்.

கதை இதோடு முடியவில்லை. நாலு மாதம் கழித்துப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு கிழவர் வந்தார். கையில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி, பின்மட்டையில் வாய்ப்பாடு. அவருடைய தகப்பன் ஒருமுறை கோமாரி வந்த நாம்பனைப் பிடித்துக்கொண்டு அப்புவிடம் வந்தவராம். மாடு தேறும்வரை தினமும் வந்து, திண்ணையிலிருந்து ஏட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார். முப்பத்தெட்டுப் பக்கம், பென்சில் எழுத்து. "உங்கட சாமான், உங்களிட்டத் தரவேணும் எண்டு அப்பா சொல்லிப்போட்டுத்தான் செத்தவர்" என்றார். வயிற்றுப் பொருமலுக்கு உள்ளி, மிளகு எவ்வளவு என்று அப்புவின் குரலே அந்தக் கொப்பியில் இருக்கிறது. பட்டுக்குள் வைத்துப் பூட்டியது போய்விட்டது. திண்ணையில் வைத்துக் கொடுத்தது வீடு தேடித் திரும்பி வந்தது. இறைத்த கிணறு ஊறும் என்று அம்மம்மா சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு முழுக்க விளங்கியது.

இப்போது படியெடுக்கத் திண்ணையும் பென்சிலும் வேண்டாம். நூலகம் நிறுவனம் 2005ஆம் ஆண்டிலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் ஏடுகளையும் எண்ணிமப்படுத்தி, உலகத்தில் எவரும் காசில்லாமல் வாசிக்க இணையத்தில் வைக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவை 2003இல் கட்டத் தொடங்கியவர் நம் வண்ணார்பண்ணையில் பிறந்த இ. மயூரநாதன். அங்கே யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஏட்டைக் கொடுத்தால் உரிமை போய்விடுமே என்று சிலர் என்னிடம் கேட்கிறார்கள். படம் எடுத்தபின் ஏடு உங்கள் வீட்டில்தான் இருக்கும். நம் நாட்டுச் சட்டப்படி ஒருவர் எழுதியதன் பதிப்புரிமை அவர் இறந்து எழுபது வருடத்தோடு முடிகிறது. அப்பூட்டன் காலத்து ஏட்டுக்கு ஊரே உரிமைக்காரர்.

அடுத்தது கல். கல்லைப் பற்றிப் பேசினால் கோட்டை, மந்திரிமனை, கந்தரோடை என்றுதான் தொடங்குவார்கள். அவற்றுக்குத் திணைக்களம் இருக்கிறது, பேராசிரியர் ஐயா போன்றவர்களும் இருக்கிறார்கள். நான் பேச வந்தது நம் சந்திக் கேணியைப் பற்றி. இதை நான் எந்த மேடையிலும் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும், இன்றைக்கும் பேசத்தான் போகிறேன்.

அந்த இடத்தில் நான்கு பொருள்கள் ஒன்றாக இருந்தன. மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல். பருத்தித்துறையில் தெருமூடி மடத்தைப் பார்த்திருப்பீர்கள், தெருவுக்கு மேலேயே கட்டி, நடந்து போகிறவனுக்கு நிழல் கொடுத்த மடம். நம்முடையது அவ்வளவு பெரிதில்லை. ஆனால் நோக்கம் ஒன்றுதான். தலையில் கடகத்தோடு சந்தைக்குப் போகிற பெண், இன்னொருவர் கை கொடுக்காமலே சுமையை இறக்கி வைக்கத் தோளுயரத்தில் ஒரு கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நாட்டுவது நம் வழக்கம். அவள் இறக்காத சுமையை ஊரார் இறக்கி ஆறட்டும் என்று ஒரு குடும்பம் துக்கத்தைக் கல்லாக்கி வைத்தது. பக்கத்தில், தண்ணீர் குடித்த மாடு உடம்பை உரஞ்சுவதற்கு ஒரு கல். மாட்டின் தினவுக்கும் இடம் கொடுத்த ஊர் இது.

இன்றைக்கு அங்கே என்ன இருக்கிறது? மடம் விழுந்துவிட்டது. வீதி அகலிக்க வந்த ஒரு ஒப்பந்தக்காரர் ஆவுரஞ்சிக்கல்லைப் பெயர்த்து வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டார். நானும் விளையாட்டுக் கழகப் பிள்ளைகள் ஆறு பேரும் கயிறு கட்டி இழுத்துக் கரையில் போட்டோம். ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போல வழுவழுப்பு. கையை வைத்துப் பாருங்கள், எத்தனை தலைமுறை மாடுகள் உரஞ்சியிருக்கும் என்று தெரியும். கேணிக்குள் பிளாஸ்ரிக் போத்தலும் வீடு இடித்த கல்லும். அதை நிரவிக் கடை கட்டலாம் என்று ஒரு பேச்சு ஊருக்குள் அடிபடுகிறது. பிரதேச செயலாளர் அவர்களே, உங்களை மேடையில் வைத்துக்கொண்டே கேட்கிறேன், அந்தக் காணி தர்மத்துக்கு எழுதிய காணி. அதன் உறுதிப் பத்திரம் இந்த மண்டபத்தில் இருக்கிற எவரோ ஒருவரின் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதை வெளியே எடுங்கள் என்றுதான் நான் ஏட்டிலிருந்து தொடங்கினேன்.

மாரியில் நிறைகிற கேணி மெல்ல மெல்லச் சுண்ணக்கல்லுக்குள் இறங்கித்தான் நம் கிணறுகளுக்குப் போகிறது. கேணியை மூடினால் சித்திரையில் யாருடைய கிணறு வற்றுகிறது என்று பாருங்கள். இறையாத கிணறு நாறும். இறைக்கத் தண்ணீரே இல்லாத கிணற்றுக்கு அம்மம்மா பழமொழி சொல்லவில்லை.

மூன்றாவது, உயிர். தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார், சுருக்கமாகச் சொல்கிறேன். சுண்டிக்குளத்தை 1938இலேயே பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள், 2015இல் அது தேசியப் பூங்காவும் ஆனது. பூநாரை பார்க்க அங்கே வாகனம் பிடித்துப் போகிறோம், நல்லது. ஆனால் நம் சந்திப் பனையின் ஓலைக்கு அடியில் உழவாரக் குருவி எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டியிருக்கிறது. தூக்கணாங்குருவி கேணிக்கரைப் பனையில்தான் தொங்குகிறது. போன மாரியில் கேணியில் ஆமை ஒன்று, தலையை நீட்டிப் பார்த்துவிட்டு ஒரு தயிர்க் கோப்பைக்குக் கீழே போய் ஒளித்தது. அதற்கு எந்த வர்த்தமானியும் இல்லை, நாம்தான் இருக்கிறோம். பறவைகளைப் பற்றி இன்னும் சொல்ல இருந்தது, அதற்கு அதிபர் அவர்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அங்கே பேசுகிறேன்.

வருகிற சனிக்கிழமை காலை ஆறரைக்குக் கேணியடி. மண்வெட்டி, கடகம், சாக்கு கொண்டு வாருங்கள். மாதர் சங்கம் கஞ்சி காய்ச்சுகிறது. ஆவுரஞ்சிக்கல்லை அன்றைக்கே அதன் இடத்தில் நிமிர்த்தி நாட்டப் போகிறோம், பழைய குழி எதுவென்று காட்ட இரண்டு பெரியவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். பின்னேரம் வாசிகசாலையில் நூலகர் தங்கச்சி படப்பிடிப்புக்கு ஒழுங்கு செய்கிறார். ஏடு, உறுதி, சாதகம், கலியாணப் பத்திரிகை, பழைய புகைப்படம், எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். உங்கள் கண்முன்னே படம் எடுத்து, உங்கள் கையிலேயே திருப்பித் தருவார்கள்.

வாசலில் மேசை போட்டிருக்கிறது. பெயர் எழுதுகிற பதிவேட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பென்சில் கொப்பியையும் வைத்திருக்கிறேன். புரட்டிப் பாருங்கள், மாடு வளர்க்கிறவர்கள் எழுதிக்கொண்டும் போங்கள். பென்சிலும் வைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.