ட்ரைசூட்டுக்குள்ளே என்ன போடுவது?

வணக்கம் நேயர்களே. கோடையில் ஒன்ராறியோவின் ஏரிக்கரை ஊரான ரொபர்மோரிக்குப் போனவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கண்ணாடி அடிப் படகில் ஏறி, 1885இல் மூழ்கிய ஸ்வீப்ஸ்ரேக்ஸ் பாய்க்கப்பலைக் குனிந்து பார்த்திருப்பீர்கள். அது கிடப்பது சுமார் 6 மீற்றர் ஆழத்தில். கொஞ்சம் தள்ளி, 1884இல் மூழ்கிய அரேபியா என்ற கப்பல் 30 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. யூலை வெயிலில் கரையில் நிற்கிறவருக்கு வியர்த்து ஒழுகும். அரேபியாவின் அடியில் தண்ணீர் 4, 5 பாகைதான். நன்னீர் 4 பாகையில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதனால் குளிர்ந்த நீர் அடியிலேயே தங்கிவிடும், வெயிலின் சூடு அங்கே எட்டாது.

அங்கே சுழியோட இறங்குகிறவர்கள் ட்ரைசூட் போடுவார்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கிப் பிடிக்கிற, தண்ணீர் உள்ளே வராத உடுப்பு. புதிதாகப் பழக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்தக் கொம்பனிச் சூட் நல்லது என்றுதான். அதற்குள்ளே என்ன போடுவது என்று கேட்கிறவர்கள் குறைவு. நான் இன்றைக்குக் கதைக்க வந்தது அந்தக் கேட்கப்படாத கேள்வியைப் பற்றி.

மெல்லிய துணியில் செய்த ட்ரைசூட் உங்களை நனையாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான். சூடு தருவது அதல்ல. உடம்புச் சூட்டைக் காப்பது உள்ளுடுப்பு. இன்னும் சரியாகச் சொன்னால், உள்ளுடுப்பின் இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கிற காற்று. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஆகவே அந்தக் காற்று நிற்கிற இடத்தில் ஈரம் புகுந்தால் குளிரும் கூடவே புகுந்துவிடும்.

இதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்களோடு வந்த ஒரு தம்பி, நல்ல சூட், நல்ல தடித்த ஃபிளீஸ் உள்ளுடுப்பு. படகுத்துறையில் வெயிலில் உடுத்திக்கொண்டு, காற்றுத் தொட்டிகளைத் தூக்கி ஏற்றி, படகு கிளம்பும்வரை அரை மணித்தியாலம் அப்படியே நின்றார். பிறகு இறங்கினோம். அவர் பாதியிலேயே கையால் சைகை காட்டி மேலே வந்துவிட்டார். பல்லெல்லாம் கிடுகிடுவென்று அடிக்கிறது. சூட் ஒழுகுகிறது என்று எல்லோரும் தீர்மானித்துவிட்டார்கள். சிப்பைப் பார்த்தோம், கழுத்து வளையத்தைப் பார்த்தோம், கால் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தோம். ஒரு சொட்டும் வரவில்லை. கடைசியில் ஃபிளீஸைக் கழற்றினால் உள்ளே ஒரு பருத்தி ரீசேட். பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. ஏரித் தண்ணீர் அல்ல, அவருடைய சொந்த வியர்வை. அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய சூட்டின் வேலையை, மேசை லாச்சியில் கிடந்த ஒரு ரீசேட் கெடுத்துவிட்டது.

பருத்தி வியர்வையைக் குடித்துத் தோலோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். இங்கே பனிக்காலத்தில் ஜீன்ஸ் நனைந்தபடி பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தோலை ஒட்டிய அடுக்கு மெரினோக் கம்பளியாகவோ பொலியெஸ்ரராகவோ இருக்கட்டும். திரும்பவும் சொல்கிறேன்: பருத்தி வேண்டாம். காலுறையிலும் வேண்டாம், உள்ளே போடுகிற பெனியனிலும் வேண்டாம். வெயில் நாளில் உடுப்பதைக் கடைசி நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள்.

அதற்கு மேலே ஃபிளீஸ் அல்லது தின்சுலேற் போன்ற நுண்ணிழை நிரப்பு. கடையில் தொங்கும்போது எது தடிப்பு என்று பார்த்து வாங்காதீர்கள். 10 மீற்றர் இறங்கினாலே சூட்டுக்குள் இருக்கிற காற்றின் கன அளவு பாதியாகிவிடும். நாம் குழாய் வழியாகக் காற்றைச் சேர்த்தாலும் சூட் உடம்பை அமுக்கத்தான் செய்யும், முக்கியமாகக் கால்களில். எனவே துணியை இரண்டு விரலுக்கிடையில் அழுத்திப் பாருங்கள். தகடாகப் படிந்துபோவது ஆழத்திலும் படியும். அடர்த்தியாக நின்று எதிர்ப்பதை எடுங்கள். இறகு நிரப்பிய ஜக்கெற் தெருவுக்கு அருமையானது, அமுக்கத்துக்கும் ஈரத்துக்கும் சரிவராது. துணியை மென்மையாக்குகிற திரவத்தில் உள்ளுடுப்பைத் துவைக்கவும் வேண்டாம்.

அளவைக் கடையிலேயே, சூட்டையும் மேலே போட்டுப் பாருங்கள். குந்தியிருங்கள். கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டியின் வால்வை எட்டுகிறதா என்று பாருங்கள். இறுக்கமாக இருந்தால் காற்றுக்கு இடமில்லை. தொளதொளவென்றால் முழங்காலிலும் முழங்கையிலும் சுருண்டு உறுத்தும். தடிப்பு கூடக்கூடக் காற்றும் கூடும், உங்களைக் கீழே இறக்க ஈயமும் கூடும். 15 பாகைத் தண்ணீருக்கு அரேபியாவின் உடுப்பு தேவையில்லை.

நேரமாகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து காட்டுகிறார்கள். கையுறையைப் பற்றிச் சொல்ல இருந்தேன், இன்னொரு நாள் பார்ப்போம். பற்றரியில் சூடாகும் உள்சட்டையைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை. அடியில் சூடாக இருந்து, மேலே வரும்போது குளிர்ந்தால் அமுக்கநீக்க நோயின், அதாவது மேலே வரும்போது உடம்புக்குள் வாயுக் குமிழிகள் உண்டாகிற நோயின், ஆபத்து கூடுகிறது என்பதை அமெரிக்கக் கடற்படையின் பரிசோதனைச் சுழியோடல் பிரிவு 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பற்றரி தீர்ந்துபோவது பெரும்பாலும் அந்த மேலே வருகிற நேரத்தில்தான். ஆகவே பற்றரி ஓடாத நாளிலும் போதுமான உள்ளுடுப்பை முதலில் வாங்குங்கள், சூடாகும் சட்டையைப் பிறகு யோசிக்கலாம். நன்றி, வணக்கம்.