நீச்சல் குள ஹீட் பம்ப் சூடாக்கவில்லையா? "கேஸ்" நிரப்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வணக்கம். ஹீட் பம்ப் ஓடுகிறது, மின்விசிறியும் சுற்றுகிறது, ஆனால் குளத்துத் தண்ணீர் சூடாகவில்லை என்றால், "கேஸ் (கருவிக்குள் சுழன்று வெப்பத்தைக் கடத்தும் வாயு) தீர்ந்திருக்கும்" என்ற பதில்தான் பெரும்பாலும் முதலில் வருகிறது. அந்த முடிவுக்குப் போகும் முன், கருவியின் மூடியைக் கழற்றாமலேயே நீங்கள் பார்த்துவிடக்கூடியவை நிறைய இருக்கின்றன.

(காட்சி: கருவியின் உட்பகுதிப் படம்)

ஹீட் பம்ப் வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உறிஞ்சி, கம்ப்ரசரின் உதவியால் அதன் வெப்பநிலையை உயர்த்தி, டைட்டானியம் குழாய் வழியாகத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. ஆகவே காற்றோட்டம், நீரோட்டம் இரண்டில் எது குறைந்தாலும் சூடு குறையும்.

கருவி உண்மையிலேயே வேலை செய்யவில்லையா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். மின்விசிறிக்கு முன்னால் கையை நீட்டினால், வெளிக்காற்றைவிடத் தெளிவாகக் குளிர்ந்த காற்று கையில் பட வேண்டும். பட்டால் வெப்பம் உறிஞ்சப்படுகிறது என்று பொருள். கருவிக்குள் நுழையும் தண்ணீருக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் 1 அல்லது 2 டிகிரி வித்தியாசம் இருந்தாலே பெரும்பாலும் போதுமானது. 50,000 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 58 யூனிட் வெப்ப ஆற்றல் தேவைப்படுவதால், 12 கிலோவாட் வெப்பம் தரும் கருவிக்கு அதற்கே 5 மணி நேரம் ஆகிவிடும். இரவில் குளத்தை மூடாமல் விட்டால், பகலில் ஏறிய சூட்டின் பெரும்பகுதி நீராவியாகப் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் பழுது பார்ப்பவரைவிட ஒரு நல்ல மூடுவிரிப்புதான் அதிகம் உதவும் என்பது என் கருத்து.

குளிர்ந்த காற்று வரவில்லை என்றால், திரையைப் பாருங்கள். விரும்பும் வெப்பநிலை தண்ணீரின் இப்போதைய வெப்பநிலையைவிட அதிகமாக இருக்க வேண்டும்; கருவி குளிரூட்டும் நிலையில் இருக்கக் கூடாது. மின்சாரம் வந்தவுடன் கம்ப்ரசர் சில நிமிடங்கள் காத்திருந்துதான் இயங்கத் தொடங்கும், அது பழுதல்ல.

(காட்சி: ஃபில்டரின் அழுத்தமானி)

நீரோட்டம் தொடர்பான எச்சரிக்கை வந்தால், நிதானமாகத் தேட வேண்டிய இடம் இதுதான். போதிய நீரோட்டம் இல்லாதபோது ஃப்ளோ ஸ்விட்ச் கம்ப்ரசரை இயங்க விடாது. ஸ்கிம்மர் கூடையில் (நீர்ப்பரப்பில் மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் கூடை) இலைகள் சேர்ந்திருக்கலாம், ஃபில்டர் அடைபட்டிருக்கலாம், பைபாஸ் வால்வை யாரோ திறந்து வைத்ததால் தண்ணீர் கருவிக்குள் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருக்கலாம். வேகத்தை மாற்றக்கூடிய பம்ப் உள்ள குளங்களில், மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக வேகத்தைக் குறைத்தவுடன் சூடாக்குவதும் நின்றுபோவது உண்டு. ஓட்டம் குறைந்தும் கம்ப்ரசர் இயங்கினால், வெப்பம் வெளியேற வழியில்லாமல் உயர் அழுத்தப் பிழை தோன்றும். அதைக் கண்டு வாயுவைச் சந்தேகிப்பதற்கு முன் ஃபில்டரை பேக்வாஷ் செய்து (தண்ணீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவி) பாருங்கள்.

காற்றுப் பக்கத்தில், வெப்பத்தை உறிஞ்சும் உலோகத் தகடுகளுக்கிடையே தூசி படிந்திருந்தால் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். அழுத்தத்துடன் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். சுவர்களுக்கு நடுவே வைத்த கருவி, தான் வெளிவிட்ட குளிர்ந்த காற்றையே மீண்டும் உறிஞ்சும். வெளிவெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகும்போது பல கருவிகளின் திறன் குறையும். தகடுகளில் உறைபனி படிந்து, அதை உருக்குவதற்காகச் சூடாக்குவது அவ்வப்போது நிற்கும்.

அடியில் தண்ணீர் தேங்கினால் பதற்றம் வேண்டாம். குளோரின் சோதனைத் தாளை அதில் நனையுங்கள்: குளத்து நீரில் குளோரின் இருக்கும்போது இதில் குளோரின் தெரியவில்லை என்றால், அது பெரும்பாலும் காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டியதே.

விசிறி சுற்றாமல் முனகினால் கெப்பாசிட்டர் (விசிறி சுழலத் தொடங்க உதவும் மின்பாகம்) பழுதாகியிருக்கலாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் தயவுசெய்து நீங்களே தொடாதீர்கள். பிரேக்கர் மீண்டும் மீண்டும் விழுந்தால், திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்ப்பதும் ஆபத்து.

வாயுவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். அது மூடிய சுற்றில் சுழல்வதால் பயன்பாட்டில் தீர்ந்துபோவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. இணைப்புகளில் எண்ணெய்க் கறை, வெப்பமான நாளிலும் தகட்டின் ஒரு பகுதியில் மட்டும் உறைபனி ஆகியவை அதற்கான அறிகுறிகள். கசிவை அடைக்காமல் நிரப்பும் வாயு மறுபடியும் வெளியேறிவிடும். உரிமம் பெற்ற தொழில்நுட்பரை அழைக்கும்போது பிழைக் குறியீடு, நுழையும் மற்றும் வெளியேறும் நீரின் வெப்பநிலை, வெளிவெப்பம், ஃபில்டர் அழுத்தம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு சொல்லுங்கள்.